தோட்டத்து வாசலில் அரிசி என்ன விலை?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)



பேரங்காடி மலிவா, பக்கத்துக் கடை மலிவா? கோலாலம்பூரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். ஒரு கடையில் வெங்காயம் விலை கூடுதல் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். அதே கேள்வியைக் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், ஈஜோக்குக்கு உள்ளே, பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே, செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு லயத்தில் கேட்டால் என்ன ஆகும்? அங்கே இருக்கும் பாட்டி எந்தக் கடை மலிவு என்று சொல்ல மாட்டார். "அங்க யாருப்பா கூட்டிக்கிட்டுப் போறது?" என்று திருப்பிக் கேட்பார்.

விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. பட்டணத்துக்காரருக்கு விலையை ஒப்பிடுவது என்பது இரண்டு விலைச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது. தோட்டத்துக் குடும்பத்துக்கு அப்படியல்ல. சாமானின் விலை ஒன்று. அது வாசலுக்கு வந்து சேரும் விலை ஒன்று. கையில் காசில்லாத இருபதாம் தேதியில் கடனாகக் கிடைக்கும் விலை இன்னொன்று. இந்த மூன்றையும் கூட்டினால்தான் எது மலிவு என்று தெரியும். கடைகளுக்குள் போட்டி வந்தால் விலை குறையும் என்று சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்கு நடந்து போகக்கூடியவர்களுக்குத்தான் அந்தப் போட்டி உதவும்.

பட்டியல் போட்டுக் கணக்கிட்ட சம்பளம்

தோட்டத்து மக்களின் மளிகைப் பட்டியலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசாங்கம் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு, இந்தியத் தொழிலாளர்களுக்குத் தரச் சம்பளம் நிர்ணயிக்கும் அதிகாரம் இந்தியக் குடியேற்றக் குழுவுக்குக் கிடைத்தது. அந்தக் குழு அரிசி, பருப்பு, உப்பு, மிளகாய், எண்ணெய், துணிமணி என்று ஒரு குடும்பத்தின் தேவைகளைப் பட்டியலிட்டு, அவற்றின் உள்ளூர் விலையைக் கூட்டி, அதிலிருந்து நாள் சம்பளத்தைப் பிடித்தது. 1920களின் பிற்பகுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் இதைவிடச் சில காசுகள் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது. காரணம், அங்கே சாமான் விலை கூடுதல். 1930ல் ரப்பர் விலை சரிந்ததும் இந்த 50ம் 40ம் முறையே 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கின என்பது வேறு கதை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாலையை விட்டு உள்ளே போகப் போக அரிசி விலை ஏறும் என்பதை அன்றைய வெள்ளைக்கார அரசாங்கமே ஒப்புக்கொண்டு, சம்பளத்தில் அதற்கு இடம் கொடுத்தது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தில் அந்தக் கணக்கு இல்லை. 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் என்று உயர்த்தியபோது, பேரங்காடிக்கு எதிரே குடியிருப்பவருக்கும் அதே தொகை, பத்து கிலோமீட்டர் தோட்டச் சாலைக்கு உள்ளே குடியிருப்பவருக்கும் அதே தொகை. ஒரே சம்பளம் கொடுப்பது நியாயம்தான். ஆனால் அந்த 1,700 ரிங்கிட் இரண்டு இடத்திலும் ஒரே அளவு அரிசியை வாங்குவதில்லை.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் கடை என்பது பெரும்பாலும் ஒன்றுதான். பல இடங்களில் கங்காணிக்கே கடையில் பங்கு இருந்தது. ஆளை அழைத்து வந்தவரும் அவர், வேலை வாங்கியவரும் அவர், அரிசிக் கணக்கு எழுதியவரும் அவர். அந்தக் கணக்கில் விலை என்ன என்று யார் கேட்பது? இந்த வகை வழக்கத்தை அடைக்கத்தான் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. சம்பளத்தை எந்த இடத்தில், எந்த முறையில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது. போட்டால் அது செல்லாது. நல்ல சட்டம். ஆனால் அதைத் தாண்டிய ஒரு நிபந்தனை உண்டு. அதைப் போடுவது தூரம். கடை ஒன்றுதான், வண்டியும் இல்லை என்றால், எந்த முதலாளியும் வாய் திறக்காமலேயே சம்பளம் அந்த ஒரே கடையில் செலவாகிவிடும்.

1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பது. மான உணர்ச்சியில் எழுந்த கோரிக்கை அது. இருந்தாலும் சைக்கிள் என்பது அன்றைய தோட்டத்து மனிதனுக்கு மானம் மட்டுமல்ல, பட்டணத்துக் கடைக்குப் போகும் வழியும்தான்.

555 புத்தகத்தின் வட்டி

இனி கடனுக்கு வருவோம். கைக்கு அடக்கமான 555 புத்தகத்தைத் தெரியாத தோட்டத்துக் குடும்பம் இருக்காது. சாமான் வாங்க வேண்டியது, புத்தகத்தில் எழுத வேண்டியது, சம்பளம் போட்டதும் அடைக்க வேண்டியது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஏழாம் தேதி கடை வாசலில் கூட்டம். எட்டாம் தேதி புதிய பக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டணத்தில் 400 ரிங்கிட் ஆகும் மாதச் சாமான் தோட்டத்துக் கடையில் பத்து விழுக்காடு கூடுதலாக 440 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வாங்கி முடிவில் அடைப்பதால், கடன் நிற்கும் காலம் சராசரியாக அரை மாதம். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டம், ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்கிறது. அந்த உச்ச வட்டியிலேயே 400 ரிங்கிட்டுக்கு அரை மாத வட்டி 3 ரிங்கிட்தான் வரும். கடையில் கொடுப்பதோ 40 ரிங்கிட். எங்கே மூன்று, எங்கே நாற்பது!

அப்படியானால் கடைக்காரர் கொள்ளைக்காரரா? அவசரப்பட்டுச் சொல்லிவிடக்கூடாது. அந்த நாற்பதில் லாரி வாடகை இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் பத்து மூட்டை வாங்குபவருக்கு, ஆயிரம் மூட்டை வாங்குபவருக்குக் கிடைக்கும் விலை கிடைக்காது. ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்தை விட்டுப் போனவர்களின் அடைக்கப்படாத பக்கங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் பால் வெட்டு நாள் குறைந்து சம்பளம் பாதியானபோது, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அரிசி எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொன்ன நல்ல மனமும் அதில்தான் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வெற்றிலை பாக்கிலிருந்து காப்பித் தூள் வரை இரவு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து கொடுத்தவருக்கு எந்தப் பேரங்காடியும் இணையாகாது. சேவை என்றால் கவுண்டரில் சிரிப்பது மட்டுமா?

இருந்தாலும் அந்த நாற்பது, சேவைக்கு நியாயமான கூலியா, தனிக்கடையாக இருப்பதன் லாபமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. பக்கத்தில் இரண்டாவது கடை ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது கடை வந்த பிறகும் நாற்பது நாற்பதாகவே நின்றால் அது கூலி. இருபதாக இறங்கினால் மற்ற இருபது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களும் ஒரு காலத்தில் சின்னவர்கள்

பேரங்காடி என்றாலே வெளிநாட்டு முதலாளி என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. பாதிதான் உண்மை. ஜயண்ட் 1944ல் செந்தூலில் தொடங்கிய ஒரு குடும்பத்தின் மளிகைக் கடை. 1999ல்தான் அது ஹாங்காங்கைச் சேர்ந்த டெய்ரி ஃபார்ம் நிறுவனத்தின் கைக்குப் போனது. மைடின் 1957ல் கோத்தா பாருவில் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பம் திறந்த சிறிய கடை. 99 ஸ்பீட்மார்ட்டின் கதை நம் கிள்ளானிலேயே நடந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட லீ தியாம் வா என்பவர் 1987ல் கிள்ளானில் ஒரு சிறிய மளிகைக் கடை திறந்தார். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதற்கு 2,600க்கும் அதிகமான கிளைகள்.

வெளியிலிருந்து வந்த பெரிய யானைகளோ ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிவிட்டன. 1994ல் சுபாங் ஜெயாவில் கடை திறந்த பிரான்ஸ் நாட்டுக் கேரிஃபோர் 2012ல் தன் கடைகளை ஜப்பானிய ஏயோனிடம் விற்றது. 2002ல் பூச்சோங்கில் கால் வைத்த பிரிட்டனின் டெஸ்கோ 2020ல் தாய்லாந்தின் சிபி குழுமத்துக்கு விற்றுவிட்டுப் போனது. 2021லிருந்து அந்தக் கடைகளின் பெயர்ப் பலகையில் லோட்டஸ் என்று இருக்கிறது. மைதானம் போன்ற கடை, கார் நிறுத்த ஆயிரம் இடம் என்று வந்தவர்கள் போனார்கள். இரண்டு கடை வீடுகளை இணைத்து மினி மார்க்கெட் நடத்தியவர் பரவினார். வட சிலாங்கூர் மக்களுக்கு இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். பட்டணத்துக் கடைவீதி வரைக்கும் அதுதான் வந்திருக்கிறது.

அங்கே விலைச் சீட்டு இருக்கிறது. பேரம் பேச வேண்டியதில்லை. சாமான் மலிவு. ஆனால் கடன் கிடையாது. பச்சைக் காய்கறியும் மீனும் பெரும்பாலும் கிடையாது. அதற்கு இரவுச் சந்தையோ, மீன்காரர் வேனோதான். அதோடு, அந்தக் கடை பட்டணத்தில் இருக்கிறது, தோட்டத்தில் இல்லை.

2011ல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தது. ஈஜோக்கையும் டெம்ப்ளர் பூங்கா பகுதியையும் இணைக்கும் 33 கிலோமீட்டர் சாலை. கார் வைத்திருப்பவர்களுக்கு ரவாங், செலாயாங் கடைகளெல்லாம் அருகில் வந்துவிட்டன. நல்ல காரியம். ஆனால் இதன் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. தோட்டத்தில் கார் உள்ள குடும்பங்கள் மாதச் சாமானைப் பேரங்காடியில் வாங்கிக்கொண்டு வருகின்றன. அவர்கள் ரொக்கமாகக் கொடுக்கக்கூடியவர்கள். தோட்டத்துக் கடைக்கு மிஞ்சுவது கடனுக்கு வாங்குபவர்களும், பத்தாம் நாள் மறந்துபோன உப்புக்கு ஓடிவருபவர்களும்தான். ரொக்க வியாபாரம் போனதும் கடைக்காரர் குறைவாகச் சரக்கு எடுக்கிறார். குறைவாக எடுத்தால் அவருக்கே விலை கூடுகிறது. விலை கூடினால் இன்னும் நாலு பேர் போகிறார்கள். கடைசியில் ஒருநாள் கதவு இறங்குகிறது. அன்றிலிருந்து காரில்லாதவருக்கு உப்பும் பட்டணத்தில்தான். போட்டியால் லாபம் அடைந்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் இன்னொருவர்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இது எல்லாருக்கும் விளங்கியது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து குடும்பத்துக்கு ஒருவர் மட்டும், பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் சாமான் வாங்கப் போகலாம் என்றார்கள். கடை மூடிப்போயிருந்த தோட்டங்களில் பத்து கிலோமீட்டர் என்பது தோட்டத்து வாயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அந்த நாள்களில் நாலு பாட்டில் எண்ணெயும் இரண்டு மூட்டை அரிசியும் வைத்திருந்த சின்னக் கடைதான் பெரிய கடை.

எதை ஒப்பிடுவது?

சரி, ஒப்பிடுவது என்று முடிவு செய்தால் எந்தச் சாமானை ஒப்பிட வேண்டும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சீனியைப் பார்க்கிறார்கள். சீனி கட்டுப்பாட்டு விலைப் பொருள். 2018 செப்டம்பரில் சாதாரண வெள்ளைச் சீனி கிலோ 2 ரிங்கிட் 85 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த உச்ச விலை பேரங்காடிக்கும் பொருந்தும், லயத்துக் கடைக்கும் பொருந்தும். ஒரு கிலோ பிளாஸ்டிக் பொட்டலத்தில் வரும் மானிய சமையல் எண்ணெய் 2 ரிங்கிட் 50 காசு. அதுவும் அப்படித்தான். 2016 நவம்பரில் மற்ற அளவுகளுக்கு மானியம் எடுக்கப்பட்ட பிறகு, ஏழை வீட்டு எண்ணெய் என்றால் அந்தப் பொட்டலம்தான். செம்பனைக் குலையை வெட்டித் தள்ளும் குடும்பம் அந்த எண்ணெய்ப் பொட்டலம் எந்தக் கடைக்கு வந்திருக்கிறது என்று தேடி அலைவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

ஒப்பிட வேண்டியது கட்டுப்பாடு இல்லாத பொருள்களை. பேரங்காடியின் வண்ணத் தாளில் பெரிய எழுத்தில் வருவது எது என்று பாருங்கள். மிலோ, பிஸ்கட், சலவைத் தூள், ஐந்து கிலோ எண்ணெய். ஆளைக் கடைக்குள் இழுக்க அவற்றை லாபமில்லாமல்கூட விற்பார்கள். நம் அடுப்படிப் பட்டியல் வேறு. துவரம் பருப்பு, உளுந்து, புழுங்கல் அரிசி, புளி, காய்ந்த மிளகாய், கடுகு, வெங்காயம். வண்ணத் தாளில் இவை வருவது தீபாவளி நேரத்தில்தான். மற்ற பதினொரு மாதமும் இவற்றின் விலையை யாரும் கூவிச் சொல்வதில்லை. ஆகவே மிலோவில் மிச்சம் பிடித்த இரண்டு ரிங்கிட்டைப் பருப்பில் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். பட்டணத்து இந்திய மளிகைக் கடைகளில் இந்தச் சாமான்களின் விலையைத் தனியாக ஒருமுறை விசாரித்து எழுதி வைத்துக்கொண்டால், எது எங்கே வாங்குவது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பொருள்களின் விலை நம் கடைக்காரர் கையிலும் இல்லை, பேரங்காடிக்காரர் கையிலும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை, அது 2024 மே மாதம்தான் விலகியது. டெல்லியில் ஒரு கையெழுத்து, ஜெராம் தோட்டத்து இட்லிக்கு விலை.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ மிளகாய்த் தூள் 18 ரிங்கிட், கால் கிலோ 5 ரிங்கிட் 20 காசு என்று வைத்துக்கொண்டால், கால் கிலோ வாங்குபவர் கிலோவுக்கு 20 ரிங்கிட் 80 காசு கொடுக்கிறார். கையில் ஐந்து ரிங்கிட் மட்டும் உள்ளவருக்கு வேறு வழியில்லை. தோட்டத்துக் கடைகளில் 50 காசுக்குப் பருப்பு, ஒரு ரிங்கிட்டுக்கு எண்ணெய் என்று வாங்குகிறார்களே, கிலோ கணக்கில் பார்த்தால் இந்த நாட்டிலேயே விலை உயர்ந்த பருப்பை வாங்குவது அவர்கள்தான்.

வயலுக்குப் பக்கத்தில்

கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகப் போனால் சாலையின் ஓரமெல்லாம் நெல் வயல். நாடே வந்து படம் பிடித்துக்கொண்டு போகும் வயல். 2023ல் அந்த வட்டாரத்துக் குடும்பங்களும் அரிசிக்குத் திண்டாடின. அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, இறக்குமதி உரிமை முழுவதையும் வைத்திருக்கும் பெர்னாஸ், இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்த்தியது. 36 விழுக்காடு. உள்நாட்டு வெள்ளை அரிசியோ பத்து கிலோ 26 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலையில் இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி விரிந்ததும் என்ன நடக்கும்? எல்லாரும் 26 ரிங்கிட் அரிசியைத் தேடினார்கள். அது அடுக்கிலிருந்து மறைந்தது.

பேரங்காடிகள் ஒருவருக்கு இத்தனை பை என்று கட்டுப்படுத்தின. லாரி வரும் நேரம் தெரிந்து காலையில் வரிசையில் நின்றவருக்குக் கிடைத்தது. மாலையில் வேலை முடிந்து குளித்துவிட்டுப் பட்டணத்துக்குப் போனவருக்குக் கிடைக்கவில்லை. இதில் விலைச் சீட்டு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு அரிசி கிடைத்தது, மற்றவருக்குச் சீட்டு மட்டும். எத்தனை கடைகள் போட்டி போட்டாலும், சரக்கு வந்து சேரும் வாசல் ஒன்றாக இருக்கும்போது அந்தப் போட்டிக்கு அர்த்தம் குறைவு.

அரசாங்கக் கடையும் அட்டைப் பணமும்

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011ல் ஒரே மலேசியா மக்கள் கடை என்று தொடங்கினார்கள். அந்த ஆண்டே எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டோனி புவா, அங்குள்ள சில பொருள்கள் பேரங்காடியைவிட விலை கூடுதல் என்று பட்டியலோடு வாதிட்டார். 2017ல் அந்தக் கடைகள் மூடப்பட்டன. 2022 செப்டம்பரில் சிலாங்கூர் மாநில அரசு, தன் விவசாய மேம்பாட்டுக் கழகத்தின் மூலம் மக்கள் கருணை விற்பனையைத் தொடங்கியது. கோழி ஒன்று 10 ரிங்கிட், பி தர முட்டை ஒரு தட்டு 10 ரிங்கிட், ஐந்து கிலோ அரிசி 10 ரிங்கிட் என்று லாரியில் கொண்டுவந்து விற்றார்கள். இதில் ஒரு நல்ல அம்சம், கடையே மக்களைத் தேடி வந்தது. குறை என்னவென்றால், அது ஒரு நாள் கடை. லாரி வராத நாள்களில் பழைய விலைதான்.

2025ல் வந்த சாரா உதவியைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஏப்ரலிலிருந்து மாதம் 100 ரிங்கிட் வரை அடையாள அட்டையிலேயே சேர்க்கப்பட்டது. ஆகஸ்டு 31ஆம் தேதியிலிருந்து 18 வயதான குடிமக்கள் எல்லாருக்கும் ஒருமுறை 100 ரிங்கிட். அட்டையைக் கவுண்டரில் செருகி அரிசி, முட்டை, எண்ணெய், ரொட்டி போன்ற அடிப்படைப் பொருள்களை வாங்கலாம். முதல் சில நாள்களில் கணினி முறை திணறி வரிசை நீண்டது. அது சரியாகிவிட்டது. சரியாகாத விஷயம் வேறு. இந்தப் பணம் திட்டத்தில் பதிவு செய்த கடைகளில் மட்டும்தான் செல்லும். பேரங்காடிகளும் கிளைக் கடைகளும் உடனே பதிந்துகொண்டன. சின்னக் கடைகளும் பதியலாம். ஆனால் பட்டைக் குறி படிக்கும் கருவி வேண்டும், இணையத் தொடர்பு வேண்டும், விற்ற சரக்குக்குக் கணக்கு வேண்டும். 555 புத்தகத்தோடு முப்பது ஆண்டு நடந்த கடைக்கு இது லேசான காரியமில்லை.

விளைவு என்ன? தோட்டத்துப் பாட்டியின் அட்டையில் நூறு ரிங்கிட் இருக்கிறது. அதைச் செலவழிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். வாடகைக் கார் போக வர 30 ரிங்கிட் என்று வைத்தால், நூறு எழுபது ஆகிவிட்டது. அந்த முப்பதை அவர் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். கையில் ரொக்கம் இருந்தால் அவர் ஏன் உதவிப் பணத்தை எதிர்பார்க்கிறார்? தோட்டத்து வட்டாரங்களில் இன்னும் திறந்திருக்கும் கடைகளைத் தேடிப்போய்ப் பதிவு செய்து, கருவியையும் கொடுத்துப் பழக்கிவிடுவது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சால் முடியாத காரியமா? இதை நம் சட்டமன்ற, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு மாலை வாங்க வரும்போதாவது மக்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

சேர்ந்து வாங்கினால்

1844ல் இங்கிலாந்தின் ரோச்டேல் என்னும் ஊரில் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளர்கள், 28 பவுன் சேர்த்து ஒரு கடை போட்டார்கள். வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் சரக்கு. உலகத்துக் கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் அது முன்மாதிரியாகியது. 1904ல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் அந்த வழியில் வந்தது. 1973ல் உலகமெங்கும் விலைவாசி ஏறியபோது, சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொழிலாளர்களுக்காகத் தோ பாயோவில் ஒரு பேரங்காடியையே திறந்தது. இன்றைய ஃபேர்பிரைஸ் அதிலிருந்து வளர்ந்ததுதான். நம் தோட்டத்து மக்களுக்கும் சேர்ந்து பணம் போடுவது புதிதல்ல. 1960ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரம் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து பங்கு போட்டுத்தான் தோட்டங்களை வாங்கினார்கள்.

அவ்வளவு பெரிய காரியம் இல்லாவிட்டாலும், ஒரு லயத்தில் பத்துக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து வாங்கினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஒரு வேன் வாடகை 80 ரிங்கிட் என்றால் தலைக்கு 8 ரிங்கிட். முன்பு சொன்ன கணக்கில் கடனுக்காகக் கூடுதலாகப் போன 40 ரிங்கிட்டில் 32 மிச்சம். பத்துக் குடும்பத்துக்கும் சேர்த்துப் பருப்பை மூட்டையாக எடுத்தால் இன்னும் குறையும். அட்டைப் பணம் உள்ளவர்களும் அதே வேனில் போய் வரலாம். அவசரத்துக்கு உப்பும் தீப்பெட்டியும் தோட்டத்துக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கினால் அந்தக் கடையும் திறந்திருக்கும்.

சிக்கல் வேனில் இல்லை, முதல் மாதத்தில் இருக்கிறது. பழைய 555 கணக்கை அடைத்துவிட்டுப் புதிய மாதத்துக்கு ரொக்கமும் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சம்பளத்திலிருந்து வராது. ரோச்டேல்காரர்களும் அந்த 28 பவுனை வாரா வாரம் சில்லறையாகச் சேர்த்துத்தான் கடை திறந்தார்கள். இங்கேயும் முதல் மாதம் அரிசியை மட்டும் சேர்ந்து வாங்கலாம், அடுத்த மாதம் பருப்பு, அதற்கடுத்து எண்ணெய். கூட்டு பிடித்துப் பழக்கப்பட்ட பெண்களுக்கு யாருடைய முறை, யார் கையில் பணம் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பட்டியலை ஐந்தாம் தேதியே எழுதிவிட வேண்டும். ரசீதை லயத்துச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். கவுண்டரில் விலைச் சீட்டுக்கு மேல் பணம் பிடித்திருந்தால், கடையில் கேட்டும் பயனில்லாவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீது தேவை. ஆகவே அதைச் சுவரிலிருந்து கிழித்துவிடாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.